காலையில் வயிற்றுவலி, பத்து மணிக்குச் சுகம்: இது பயமா, நடிப்பா?

கேள்வி: 2025 ஜூன் 9, நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய்

என் மகள் எட்டாம் வகுப்பு வரை எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் படித்தாள். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு டவுனில் உள்ள பெரிய பள்ளியில் சேர்த்திருக்கிறோம். ஜூன் 2-ஆம் தேதி பள்ளி திறந்ததிலிருந்து தினமும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். பேருந்து வரும் நேரத்துக்குச் சரியாக வாந்தி எடுக்கிறாள். பத்து மணிக்கு மேல் ஒன்றுமே நடக்காதவள்போலப் பாட்டியோடு தாயம் ஆடுகிறாள். ஸ்கேன் பார்த்தாயிற்று, இரத்தமும் பார்த்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கின்றன. இரண்டு அடி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். அவளாக மனம் மாறட்டும், அதுவரை விடு என்கிறார் கணவர். இது பயமா, நடிப்பா? யார் சொல்வதைக் கேட்பது?

2025 ஜூன் 9, இரவு

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியன். இதே காரணத்துக்காகப் பல மாதங்கள் வீட்டில் இருந்த ஒரு பையனின் தகப்பனும்கூட. மருத்துவன் அல்லன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பத்து மணிக்கு வலி போய்விடுவதை நடிப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அது பயத்துக்கே சான்றாகத் தெரிகிறது. ஏதோ ஆபத்து வருகிறது என்று மூளை கணித்துவிட்டால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, குடலுக்குப் போக வேண்டிய இரத்தம் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது, இரைப்பை தன் வேலையைப் பாதியில் நிறுத்துகிறது. குமட்டலும் வயிற்றுப்பிடிப்பும் அதனால் வருகின்றன, இந்த வலியை ஸ்கேன் காட்டாது. பேருந்து போய்விட்டது, இன்று இனிப் போக வேண்டியதில்லை என்று உறுதியானதும் அபாயச் சங்கு நின்றுவிடுகிறது, பிள்ளைக்குப் பசியும் எடுக்கிறது. வலி எந்தெந்த நாளில் வருகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். வெள்ளி மாலை இல்லை, சனிக்கிழமை இல்லை, ஞாயிறு சாயங்காலம் தொடங்குகிறது, மே மாதம் முழுவதும் இல்லவே இல்லை என்றால், எந்த ஆய்வுக்கூடத்தின் அறிக்கையையும்விட அந்தத் தாள் அதிகம் சொல்லும்.

மருத்துவரிடம் ஒருமுறை ஒழுங்காகக் காட்ட வேண்டியது அவசியம்தான். இரத்தசோகை, தைராய்டு, சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் வலி ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். அவை இல்லையென்று தெரிந்தபின் அடுத்த ஸ்கேனுக்கும் அதற்கடுத்த ஸ்கேனுக்கும் அலைய வேண்டாம். ஒவ்வொரு புதிய பரிசோதனையும் 'உன் உடம்பில் ஏதோ பெரிதாக இருக்கிறது, எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை' என்றே பிள்ளையிடம் சொல்கிறது.

2025 ஜூன் 10

இதற்கும் 'கட்' அடிப்பதற்கும் என்ன வேறுபாடு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இங்கிலாந்தின் இயன் பெர்க் என்ற மனநல மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1969-இல் வகுத்த அடையாளங்கள் இன்றும் உதவுகின்றன. பள்ளிக்குப் போவதே பெரும்பாடாக இருக்கும். போக வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் பயம், அழுகை, வலி வரும். பிள்ளை வீட்டில்தான் இருக்கும், அது பெற்றோருக்கும் தெரியும். பொய், திருட்டு, ஊர்சுற்றல் போன்ற எதுவும் இருக்காது. கட் அடிப்பவன் வீட்டுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போகிறான். இந்தப் பிள்ளை வீட்டைத் தவிர வேறெங்கும் போவதில்லை. பெரும்பாலும் வீட்டுப்பாடத்தைக்கூட முடித்து வைத்திருக்கும்.

இன்னும் பின்னால் போனால், 1932-இலேயே பிராட்வின் என்பவர் அமெரிக்காவில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். தான் பள்ளியில் இருக்கும்போது அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அஞ்சி வீட்டுக்கு ஓடிவரும் பிள்ளைகள் அவர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்தப் பிரிவுப் பயத்தைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் அது மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயமாக மாறியிருக்கும்.

நோயா என்று கேட்டால் 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்பதே நேர்மையான விடை. வட கரோலினாவில் 9 முதல் 16 வயது வரையிலான 1,422 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2003-இல் எக்கரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், பயத்தால் பள்ளிக்குப் போக மறுத்தவர்கள் 2 விழுக்காடு, கட் அடித்தவர்கள் 6.2 விழுக்காடு. பயத்தால் மறுத்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குத்தான் பெயர் சொல்லக்கூடிய மனநலக் கோளாறு இருந்தது. பதற்றமோ மனச்சோர்வோ பெரும்பாலும். மீதி முக்கால்வாசிப் பேருக்குப் பயம் இருந்தது, மறுப்பும் இருந்தது, நோய் என்று எழுதும் அளவுக்கு இல்லை. பயமும் கட் அடிப்பதும் கலந்திருந்த மிகச் சிலரில்தான் பத்தில் ஒன்பது பேருக்குக் கோளாறு இருந்தது. நோய்ப் பெயர் கிடைத்தால்தான் பிள்ளையின் பேச்சை நம்புவேன் என்று காத்திருப்பவர்கள் அந்த முக்கால்வாசிப் பேரை நடிகர்கள் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள்.

2025 ஜூன் 11

'அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது' என்று கேட்ட பெரியவருக்கு: இருந்தது. 'படிப்பு ஏறவில்லை' என்று சொல்லி மாடு மேய்க்கவோ தறியில் உட்காரவோ அனுப்பினோம். பெண்பிள்ளையாக இருந்தால் வயதுக்கு வந்ததைக் காரணம் காட்டி நிறுத்தினோம். பதிவேட்டில் பெயரை அடித்ததோடு கணக்கு முடிந்தது.

நாலு பெரிய பையன்களை அனுப்பிக் குண்டுக்கட்டாகத் தூக்கி வரச் செய்ததும் அந்தக் காலம்தான். அதில் சிலர் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1965-இல் வாலஸ் கென்னடி என்ற உளவியலாளர் உடனடியாகப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பும் முறையை 50 பேரிடம் கையாண்டு வெற்றி கண்டதாக எழுதினார். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தவர்கள் திடீரென்று, முதன்முறையாக மறுத்தவர்கள். பெரும்பாலும் சின்ன வகுப்புப் பிள்ளைகள். வீட்டில் பெற்றோருக்குள் ஒற்றுமை இருந்தவர்கள். மாதக்கணக்கில் ஊறிய பதினான்கு வயதுப் பயத்தை அப்படித் தூக்கிவர முடியாது. தூக்கவும் ஆளில்லை, இப்போதைய பையன்கள் நம்மைவிட உயரம்.

பாட்டி சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சீக்கிரம் திரும்ப வேண்டும் என்ற பாதியை. அடி என்ற பாதி வேண்டாம். ஏற்கெனவே அஞ்சுகிற பிள்ளைக்கு அஞ்சுவதற்கு இன்னொரு பொருளைக் கொடுப்பதைத் தவிர அது எதையும் செய்யாது.

2025 ஜூன் 14

என் பையனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பர் 1-ஆம் தேதி திறந்தன. அவன் அப்போது எட்டாம் வகுப்பு. ஆறாம் வகுப்பின் இறுதியில் வீட்டுக்குள் போனவன், மீசை அரும்பி, தொண்டை உடைந்து வெளியே வந்தான். முதல் இரண்டு வாரம் போனான். பிறகு தலைவலி, பிறகு வயிற்றுவலி, பிறகு ஒன்றும் சொல்லாமல் போர்வைக்குள். நான் ஆசிரியன் என்பதால் விடுப்புக் கடிதங்களை அழகாகவே எழுதினேன்.

கடிதம் கொடுத்த அன்றெல்லாம் வீடு அமைதியாக இருந்தது. இந்த இழையில் நான் சொல்ல விரும்புவது எல்லாம் அந்த அமைதியைப் பற்றியதுதான். காலை ஏழரைக்கு வீட்டில் நிலவும் பதற்றம் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று, தாய்க்கும் தகப்பனுக்கும் உரியது. 'சரி, இன்று போக வேண்டாம்' என்ற ஒரு சொல் மூவருடைய நெஞ்சுப் படபடப்பையும் ஒரே நொடியில் இறக்கிவிடுகிறது. தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று உடம்பு படித்துக்கொள்கிறது. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் படித்துக்கொள்ளும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. கந்துவட்டிக்கு வாங்கிய நிம்மதி அது. மறுநாள் காலை வட்டியோடு கேட்கும்.

'ஏன் போக மாட்டேன் என்கிறாய்' என்று நாங்கள் கேட்கக் கேட்க அவன் வாய் இறுகியது. பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருந்த உளவியலாளர் அவனிடம் காரணமே கேட்கவில்லை. பள்ளியின் கால அட்டவணையை எழுதச் சொல்லி, வீட்டு வாசல் முதல் கடைசி மணி வரை ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு பயம் என்று மதிப்பெண் போடச் சொன்னார். கணக்கு வகுப்பு 2; எனக்கு உள்ளூரப் பெருமை. காலை வணக்கக் கூட்டம் 5. ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று வாசிப்பது 9, ஏனென்றால் குரல் பாதி வரியில் பிளந்து வகுப்பே சிரித்திருக்கிறது. சாப்பாட்டு இடைவேளை 10. கூடச் சாப்பிட ஆளில்லை. ஆறாம் வகுப்பில் இருந்த கூட்டம் இந்த இடைவெளியில் கலைந்து வேறு கூட்டமாகியிருந்தது. மாதக்கணக்கில் 'பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை' என்று நாங்கள் புரிந்துகொண்டிருந்தது, உண்மையில் ஒரு வகுப்பும் ஒரு அரைமணி நேரமும்.

2025 ஜூன் 15

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. அந்த மதிப்பெண் தாளுக்குப் பின்னால் ஒரு சட்டகம் இருக்கிறது. கிறிஸ்டபர் கியர்னியும் வெண்டி சில்வர்மனும் பிள்ளைகள் பள்ளியை மறுப்பதை நோய்ப் பெயரால் பிரிக்காமல், வீட்டில் இருப்பதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதால் பிரித்தார்கள். மனத்தைக் கலக்கும் ஏதோ ஒன்றிலிருந்து விலகியிருக்கலாம். தேர்வு, வாசிப்பு, சக மாணவர்களின் பார்வை இவற்றிலிருந்து தப்பலாம். அம்மாவின் அருகிலேயே இருக்கலாம். கைப்பேசி, தூக்கம், தொலைக்காட்சி கிடைக்கலாம். பல பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு மேல் பொருந்தும். பயத்தால் வீட்டில் தங்கிய பிள்ளைக்கு மூன்றாவது வாரத்தில் கைப்பேசியும் ஒரு காரணமாகச் சேர்ந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு 'கைப்பேசிக்காகத்தான் இத்தனையும்' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வரிசையை மறக்கக்கூடாது.

கொரோனாவின் தலையில் எல்லாவற்றையும் போட வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருப்பது சரி. ஜப்பானில் ஆண்டுக்கு 30 நாளோ அதற்கு மேலோ, நோயோ வறுமையோ காரணமில்லாமல் வராத பிள்ளைகளைத் தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். அந்த எண்ணிக்கை தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. 2023 கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் மட்டும் 3,46,482. அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் 2019-இல் அனுப்பிய சுற்றறிக்கையில், பள்ளிக்குத் திரும்புவது ஒன்றையே இலக்காகக் கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதைப் படித்த அன்று தகப்பனாக நிம்மதியடைந்தேன், ஆசிரியனாகக் கலங்கினேன். அங்கே பள்ளிக்கு வெளியே போய்ச் சேர, கட்டணம் வாங்கும் பள்ளிசாரா மையங்களும் மாற்று வகுப்புகளும் ஓரளவு உண்டு. நம் ஊரில் பள்ளிக்கு வெளியே இருப்பது பெரும்பாலும் ஒரு கட்டில்.

2025 ஜூன் 22

கேள்வி கேட்ட தாய் கால அட்டவணையை எழுத வைத்துப் பார்த்திருக்கிறார். அவருடைய அனுமதியோடு இங்கே போடுகிறேன். அந்தப் பெண் பத்து மதிப்பெண் கொடுத்தது கழிப்பறைக்கு. பழைய பள்ளி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இடைவேளைக்கு வீட்டுக்கே ஓடிவந்துவிடுவாள். இங்கே அவளுடைய வகுப்புக்கு அருகில் உள்ள கழிப்பறைகளின் கதவுகளில் தாழ்ப்பாள் இல்லை. ஆகவே பள்ளிக்குப் போனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூடாது. நாலரை மணி வரை அடக்கிக்கொள்ள வேண்டும். பள்ளி திறந்த அதே வாரத்தில் மாதவிலக்கு. அரசின் புதுயுகம் திட்டத்தில் அணையாடை பள்ளியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதை மாற்றிக்கொள்வதற்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டுமே.

பதற்றம், மனநலம் என்று நான் இத்தனை நாள் எழுதியதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் அந்தத் தாழ்ப்பாளைப் போடச் சொல்லுங்கள். தலைமையாசிரியரிடம் போங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, அங்கே கேளுங்கள். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படும் பிள்ளைக்குத் தைரியம் சொல்லித் தருவது அநியாயம்.

2025 ஜூன் 29

தாழ்ப்பாள் போட்டாயிற்று, ஆனாலும் திங்கட்கிழமை வாந்தி எடுத்தாள் என்று அவர் சோர்ந்து எழுதியிருக்கிறார். இது எதிர்பார்க்க வேண்டியதுதான். பிள்ளையை முதலில் வீட்டுக்குள் தள்ளிய காரணம் ஒன்று; தொடர்ந்து வீட்டில் வைத்திருக்கும் காரணம் வேறொன்று. மூன்று வாரம் வராததே இப்போது புதிய பயமாகிவிட்டது. எல்லோரும் ஒரு கூட்டமாகிவிட்டார்கள், நோட்டுகள் நிறைந்துவிட்டன, 'ஏண்டி வரலை' என்று நாற்பது பேர் கேட்பார்கள், வகுப்பாசிரியர் எழுப்பி நிறுத்துவார்.

ஆகவே படிப்படியாகத்தான். நாங்கள் செய்ததையும் இப்போது அவர்கள் செய்யத் தொடங்கியிருப்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பள்ளி விட்டபின் மாலையில் சீருடையோடு போய், காலியான வகுப்பறையில் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டு வருவது. பிறகு கடைசி இரண்டு பாடவேளை மட்டும். கடைசி வேளைகளில் தொடங்குவதில் ஒரு நன்மை உண்டு. எல்லோரோடும் சேர்ந்து மணியடித்து வெளியே வரலாம், பாதியில் கிளம்புகிறவளை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. அது பழகியதும் மதியம் முழுவதும், அப்புறம் முழுநாள். ஒரு படியில் பயம் தானாகப் பாதியாகும் வரை அதே படியில் நிற்கலாம். கீழே இறங்கத்தான் கூடாது. 'ஏண்டி வரலை'க்கு ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொள்ளச் சொல்லுங்கள். 'உடம்பு சரியில்லை, இப்போது பரவாயில்லை' போதும். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

இப்போது என் சொந்தச் சாதிக்கு, ஆசிரியர்களுக்கு, ஒரு வேண்டுகோள். நீண்ட நாள் கழித்து வரும் பிள்ளையைப் பார்த்து 'வாங்க மேடம், இப்பதான் வழி தெரிஞ்சுதா' என்று ஆரம்பிப்பது நம்மில் பலருக்கு மூச்சு விடுவதைப்போல. நகைச்சுவை என்றுதான் நினைக்கிறோம். அந்த ஒரு வரிக்குப் பயந்து மறுநாள் வராமல் போகும் பிள்ளைகள் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம்வரை போக வேண்டாம், அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டால் போதும். விட்டுப்போன நோட்டுகளை எல்லாம் எழுதி முடித்தால்தான் உள்ளே உட்காரலாம் என்பதும் வேண்டாம். புதிய பக்கத்தில் தொடங்கட்டும்.

2025 ஜூலை 13

வீட்டில் இருக்கும் நேரம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சலிப்பாக இருக்க வேண்டும். தண்டனையாக வேண்டாம்; பள்ளி நேரத்தில் கைப்பேசி இல்லை, தொலைக்காட்சி இல்லை, பகல் தூக்கம் இல்லை, பாடப்புத்தகம் உண்டு. பாட்டி பத்து மணிக்கு வார்க்கும் நெய்த் தோசையை மாலை ஐந்து மணிக்கு மாற்றச் சொல்லுங்கள். தாயத்தையும்தான். பாட்டிக்கு இதில் வருத்தம் வரும் என்று தெரியும். அடிக்கச் சொன்னவரும் அவரே, ஊட்டியவரும் அவரே.

யார் கொண்டுபோய் விடுவது என்பதும் முக்கியம். வாசலில் யாருடைய முகம் குறைவாகக் கலங்குமோ அவர் போக வேண்டும். எங்கள் வீட்டில் அது நானில்லை. என் மனைவியும் இல்லை. என் மைத்துனர் இருசக்கர வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார். பையன் அழுதுகொண்டே உள்ளே போவான். வாசலில் நின்று ஆறுதல் சொல்லச் சொல்லப் பயம் வளர்கிறது.

பெற்றோர் நாங்கள்தான் காரணமா என்று ஒரு தகப்பன் மனம் நொந்து கேட்டிருக்கிறார். பயத்தை நீங்கள் உண்டாக்கவில்லை. ஆனால் பயத்துக்கேற்ப வீட்டின் நடைமுறைகளையெல்லாம் மாற்றிக்கொண்டே போகிறோம் இல்லையா, அதைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கியிருக்கிறார். அதில் பிள்ளை வரவே வேண்டியதில்லை, பெற்றோருக்கு மட்டும்தான் பயிற்சி. பதற்றக் கோளாறு உள்ள 124 பிள்ளைகளை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில், பிள்ளைக்கு நேரடியாக அளிக்கும் சிகிச்சைக்கு அது எந்த வகையிலும் குறைந்ததில்லை என்று தெரிந்தது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமும் பேச மாட்டேன் என்கிற பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய செய்தி. பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இரண்டே பகுதி. 'உனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிகிறது. உன்னால் தாங்க முடியும் என்றும் எனக்குத் தெரியும்.' முதல் பகுதியை மட்டும் சொல்பவர்கள் கணவரைப்போல, இரண்டாம் பகுதியை மட்டும் சொல்பவர்கள் மாமியாரைப்போல.

2025 ஆகஸ்ட் 3

மருந்து பற்றி. பதற்றக் கோளாறு உறுதியான பிள்ளைகளுக்கு மருந்து பயன்படும். அதை மனநல மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2008-இல் வெளியான பெரிய ஆய்வில், பன்னிரண்டு வார முடிவில் நன்கு தேறியவர்கள், அறிவுசார் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் பேச்சாலும் பயிற்சியாலும் மாற்றும் முறை) மட்டும் பெற்றோரில் ஏறத்தாழ 60 விழுக்காடு, செர்ட்ராலின் மருந்து மட்டும் பெற்றோரில் 55, இரண்டும் பெற்றோரில் 81, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றோரில் 24. இளவயதினருக்கு இவ்வகை மருந்தைத் தொடங்கும் வாரங்களில் தற்கொலை எண்ணம் எழுகிறதா என்று நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் உண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் சமாச்சாரம் இல்லை. என் பையனுக்கு மருந்து தேவைப்படவில்லை. அதனால் உங்கள் பிள்ளைக்கும் தேவைப்படாது என்று நான் சொல்ல முடியாது.

எங்கே போவது என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது; தமிழில் பேசலாம், கட்டணமில்லை. மனநல மருத்துவரிடம் போனது தெரிந்தால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று கேட்டவருக்கு: பத்தாம் வகுப்பு முடிக்காத பெண்ணைப் பற்றியும் ஏதாவது சொல்வார்கள்.

மந்திரித்து விபூதி போடலாமா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: தாராளமாக. போட்ட கையோடு பள்ளிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

2025 ஆகஸ்ட் 5

முந்தைய குறிப்புகளைப் படித்துவிட்டு யாரும் எல்லாப் பிள்ளைகளையும் படிப்படியாக அனுப்பத் தொடங்கிவிடக்கூடாது என்பதற்காக இது. விடுமுறை நாளிலும் எதிலும் விருப்பமில்லை, பிடித்த சாப்பாடும் வேண்டாம், தோழிகளும் வேண்டாம், தூக்கம் தலைகீழ், 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்ற பேச்சு, கையில் கீறல்கள் என்றால் அட்டவணையை மூடிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். நன்றாகப் போய்வந்த பிள்ளை ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு திடீரென்று மறுத்தால், குறிப்பிட்ட வண்டியில், குறிப்பிட்ட ஆசிரியரிடம், குறிப்பிட்ட அறைக்கு மட்டும் போக மாட்டேன் என்றால், யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்ற ஐயத்தோடு கேளுங்கள். அங்கே பழக்கப்படுத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் சொல்லலாம்; போக்சோ சட்டம் இருக்கிறது. எழுத்துக் கூட்டவே திணறுவதை மறைக்கத்தான் வகுப்பைத் தவிர்க்கிறது என்று தெரிந்தால் கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனை முதலில்.

2025 அக்டோபர் 7

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மறுநாளே பழைய செய்திகள் வரத் தொடங்கிவிட்டன. எல்லாம் வீணாகிவிட்டதே என்கிறார்கள். வீணாகவில்லை. நீண்ட விடுமுறைக்குப் பின், காய்ச்சலில் படுத்து எழுந்தபின், தேர்வுத்தாள் கொடுக்கும் வாரத்தில் இது திரும்ப வரும். விடுமுறையின் கடைசி இரண்டு நாட்களில் தூங்கி எழும் நேரத்தைப் பள்ளி நாளைப்போல ஆக்குவதும், ஒருமுறை அந்தப் பேருந்தில் போய்வருவதும் உதவும். கேள்வி கேட்ட தாயின் மகள் ஆகஸ்ட் நடுவிலிருந்து முழுநாள் போகிறாள். திங்கட்கிழமைகளில் மட்டும் இன்னும் குமட்டல் இருக்கிறதாம், குமட்டலோடு போகிறாள். வயிறு சரியானபின் போவேன் என்றிருந்தவள், இப்போது போனபின் வயிறு சரியாவதைப் பார்க்கிறாள்.

பள்ளியிலிருந்து நிறுத்தித் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிவுசெய்து வீட்டிலிருந்தே எழுத வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வழி இருக்கிறது, சான்றிதழும் செல்லும். தொடர்ந்து கொடுமைக்கு ஆளான பிள்ளைகள், இரைச்சலையும் கூட்டத்தையும் தாங்க முடியாத ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு அதுவே சரியான வழியாகவும் இருக்கும். சிலருக்குப் பள்ளியை மாற்றினாலே போதும். ஆனால் கூட்டத்தைக் கண்டு பயப்படும் பிள்ளைக்குக் கூட்டமே இல்லாத படிப்பைக் கொடுத்தால் பயம் மாறாமல் பாடம் மட்டும் நகரும். இங்கிலாந்தில் பிளாக், யூல் என்ற இருவர் 1984-இல் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள்: பள்ளிக்கு விரைவில் திரும்பவைக்கும் நடத்தைச் சிகிச்சை, மருத்துவமனையில் சேர்த்தல், வீட்டிலேயே பாடமும் உளவியல் சிகிச்சையும். கடைசி வழியில் போனவர்கள்தான் பள்ளிக்குத் திரும்புவதில் மிகவும் பின்தங்கினார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வன்று என்பதால் அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இருந்தாலும் பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

2025 நவம்பர் 2

அடுத்த வியாழக்கிழமை பெரியப்பா மகளுக்குக் கல்யாணம், விடுப்பு எடுக்க வைத்தால் பழையபடி ஆகிவிடுமோ என்று பயந்து மண்டபத்துக்கு அழைத்துப் போகாமலே இருக்கலாமா என்று கேட்டிருக்கிறார் அந்தத் தாய். அழைத்துப் போங்கள். பயத்தினால் எடுக்கும் விடுப்புதான் பயத்தை வளர்க்கும். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு எடுக்கும் விடுப்புக்கு அந்தக் குணம் இல்லை. புதன்கிழமையே வகுப்பாசிரியரிடம் அவளே விடுப்புக் கடிதத்தைக் கொடுக்கட்டும், நீங்கள் கொடுக்க வேண்டாம். இரவு விருந்து முடிந்து எவ்வளவு நேரமானாலும் வீட்டுக்கு வந்துவிடுங்கள், வெள்ளிக்கிழமை காலை அதே பேருந்து.